வீட்டு நாயும் உடையவர் பொறுப்பும்

சங்கரன்கோயில் வட்டாரத்துக் கரிசல் நிலங்களில் அறுவடை முடிந்தபின் ஆட்டுக்கிடை அமர்த்துவது நெடுநாளைய வழக்கம். குருவிகுளம், மேலநீலிதநல்லூர் ஒன்றியங்களைச் சேர்ந்த மானாவாரிக் காடுகளில் கிடைக்காரர்கள் இரவு நேரத்தில் ஆடுகளை மடக்கிக் கிடத்துகின்றனர். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு எருவாகின்றன. கிடையைச் சுற்றி நாய்கள் காவல் படுத்திருக்கும். நரியோ திருடனோ நெருங்கினால் அவை முதலில் குரைக்கும். அதன் பிறகே பாயும். இந்நாய்கள் குட்டிப் பருவம் தொட்டு மந்தையோடு நடந்தவை. ஆட்டுக்குட்டி, கிடைக்காரரின் பிள்ளை, வழிப்போக்கர், வண்டி, மாடு ஆகிய எல்லாவற்றையும் பார்த்துப் பழகியவை. நாள் முழுதும் நடப்பதால் அவற்றின் உடல் வலிமை செலவாகிவிடுகிறது. இன்னார் நாய் என்பது ஊரறிந்த செய்தியாதலால், அது யாரையேனும் கடித்துவிட்டால் உடையவர் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

இதே வமிசத்து நாயை இன்று வேறொரு நிலையிலும் காண்கிறோம். சுற்றுச்சுவர் எழுப்பிய வீட்டின் மூலையில், இரண்டு முழச் சங்கிலியில், காலை முதல் மாலை வரை அது கட்டுண்டு கிடக்கிறது. வேளைக்குச் சோறு வைக்கப்படுகிறது. வீட்டார் அன்றி வேறு முகம் அது கண்டதில்லை. இரவில் அவிழ்த்துவிடப்படுகிறது, வாயிற்கதவு தாழிட்டிருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. பால்காரப் பெண், தபால்காரர், மின் கணக்கெடுக்க வருபவர், எரிவாயு உருளை கொண்டுவருபவர், அடுத்த வீட்டுக் குழந்தை ஆகியோருள் ஒருவர் என்றேனும் ஒரு நாள் அதன் வாயில் அகப்படுகின்றனர். அப்பொழுது, “இந்த நாய் பொல்லாத சாதி” என்று நாயின் மீது பழி சுமத்துகிறோம். அந்தப் பழியில் உடையவரின் பங்கு எவ்வளவு என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நம் வட்டாரத்து நாய்கள்

நாய் வளர்ப்பில் நமது பகுதி பெயர் பெற்றது. சங்கரன்கோயிலுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இராஜபாளையத்தின் பெயரால் வழங்கும் வெள்ளை நாயை அறியாதார் இலர். வேட்டைக்குப் பெயர்போன சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் சீமைக்கு உரியவை. தேனி மாவட்டத்துக் கோம்பை காவலுக்குப் பேர்போனது. இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு ஜனவரியில் நம் நாட்டு நாயினங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது இராஜபாளையமும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. பின்னர் நாட்டின் கால்நடை மரபு வளங்களைப் பதிவு செய்யும் தேசியப் பணியகம், இராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டையும் தனி இனங்களாகப் பதிவேட்டில் ஏற்றியது.

இப்பெருமையோடு ஒரு தொல்லையும் வந்து சேர்ந்திருக்கிறது. இவை உழைப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. முயலை விரட்டிச் செல்லவும், தோட்டத்தில் அயலாரை மறிக்கவும் ஏற்ற உடலும் குணமும் அவற்றுக்கு உண்டு. காலையிலும் மாலையிலும் நீண்ட தூரம் நடக்கவோ ஓடவோ இடமில்லாத வீட்டில் அவற்றை அடைத்து வைப்பது, உழவு மாட்டை ஆண்டு முழுதும் தொழுவத்திலேயே கட்டி வைப்பதற்கு ஒப்பாகும். மாடு மெலிந்து போகும். நாயோ சினம் கொள்ளும். அதுவன்றி, இராஜபாளையத்தின் தூய வெள்ளை நிறத்தை விரும்பி நெருங்கிய உறவில் இனம் சேர்ப்பதால் செவிடான குட்டிகள் பிறப்பதும் உண்டு. செவிட்டு நாய்க்குப் பின்னால் வருபவரின் காலடி கேட்காது. தொட்டவுடன் திடுக்கிட்டுத் திரும்பிக் கடித்துவிடும். குட்டி வாங்குவோர் அதன் பின்புறம் நின்று கைதட்டிப் பார்த்தல் நலம்.

கொடுமை எங்கே பிறக்கிறது?

நாய்க்குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையிலான காலம் மிக முக்கியமானது. இக்காலத்தில் எவற்றைக் கண்டு பழகுகிறதோ அவற்றை அது உலகின் இயல்பு எனக் கொள்கிறது. குழந்தையின் அழுகை, குடை பிடித்தவர், தலைச்சுமை கொண்டு வருபவர், மிதிவண்டி ஆகியவற்றை அப்பருவத்தில் காணாத நாய், பின்னாளில் அவற்றைக் கண்டு அஞ்சும். அஞ்சும் நாய்தான் பெரும்பாலும் கடிக்கும். கண் திறந்து சில நாளே ஆன குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்பதும் இதே காரணத்தால் தீங்கானது. தாயும் உடன்பிறந்த குட்டிகளும் சேர்ந்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. குட்டிகளை ஈனச் செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளது.

காவல் நாயை இருட்டறையில் வளர்க்க வேண்டும், பட்டினி போட வேண்டும், குச்சியால் சீண்டிச் சீண்டி வெறியேற்ற வேண்டும் என்று நம்புவோர் இன்னும் இருக்கின்றனர். இதைவிடத் தவறான எண்ணம் வேறில்லை. நல்ல காவல் நாய்க்கு வேண்டுவது பகுத்தறியும் திறமை. வீட்டுக்கு வரும் மாமனையும் கள்ளனையும் ஒன்றாகக் கருதும் நாயினால் காவலுக்குப் பயன் யாது? சீண்டி வளர்க்கப்பட்ட நாய், சீண்டியவர் வெளியூர் சென்ற நாளில் அவருடைய பிள்ளையைக் கடிக்கும்.

உறுமும் நாயை அடித்து அடக்குவதும் வீடுகளில் சாதாரணமாக நிகழ்வது. உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. அடிக்குப் பயந்து உறுமலை விட்டுவிட்ட நாய், அடுத்த முறை சத்தமின்றிக் கடிக்கும். உறுமினால் அதன் காரணத்தைக் கண்டறிந்து விலக்குவதே அறிவுடைமை. காதில் புண் இருக்கலாம், பல் வலிக்கலாம், குழந்தை அதன் வாலை மிதித்திருக்கலாம்.

நெடுநேரம் சங்கிலியில் கட்டி வைப்பது சட்டத்துக்கும் மாறானது என்பதைப் பலர் அறியார். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, அளவுக்கு மீறிக் குறுகிய அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதைக் குற்றமாகக் கூறுகிறது. வழக்கமாகக் கட்டியே வைக்கப்படும் நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடாமல் இருப்பதும் அதே பிரிவில் தனியாகக் குறிக்கப்பட்டுள்ளது. தோட்டத்தில் இரு கம்பங்களுக்கு இடையே நீளக் கம்பி இழுத்து, அதில் வளையம் கோத்து நாயைக் கட்டினால், அது அங்குமிங்கும் நடக்கவும் நிழலுக்கு ஒதுங்கவும் இயலும். செலவு சொற்பமே.

குழந்தைகள் உள்ள வீடு

உலகில் வெறிநோயால் இறப்பவருள் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இதற்குக் காரணம் உண்டு. குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருக்கிறது. குழந்தை ஓடும், கூவும், நாயின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். நாய்க்கு அந்த அணைப்பு பிடிவாரண்டு போலத் தோன்றும் என்று சொன்னால் மிகையாகாது. கடிபட்ட பிள்ளை, அடிக்குப் பயந்து, சிறு கீறலைப் பெற்றோரிடம் சொல்லாமல் மறைப்பதும் உண்டு. அந்த மறைப்பே உயிருக்கு உலையாக முடியக்கூடும்.

ஆகையால் வீட்டிலுள்ள தாய்மார்களுக்கு வற்புறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. ஐந்தாறு வயதுப் பிள்ளையையும் நாயையும், அந்நாய் எவ்வளவு சாதுவாயினும், பெரியவர் கண்ணுக்கு மறைவாகத் தனியே விடலாகாது. தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், கட்டியுள்ள நாய் ஆகிய நான்கின் அருகே போகக்கூடாது என்று பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டும். அயல் நாய் எதிர்ப்பட்டால் ஓடாமல், கைகளை உடலோடு ஒட்டி, மரம் போல் நின்றுவிடப் பழக்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்துக் கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். பள்ளியாசிரியர்கள் இதை உடற்பயிற்சி வகுப்பில் ஒரு விளையாட்டாகவே சொல்லிக் கொடுக்கலாம்.

இனத்தைத் தடுப்பதா, உடையவரைக் கேட்பதா?

2024 மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், காவலாளியின் 5 வயது மகளை ராட்வைலர் இன நாய்கள் இரண்டு கடித்துக் குதறின. நாயின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். கட்டும் வாய்ப்பூட்டும் இன்றிப் பொது இடத்துக்கு நாய்களை வரவிட்டதே அங்கு நேர்ந்த குற்றம். அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர், மார்ச் 12ஆம் நாள், மத்திய அரசின் கால்நடைத் துறை 23 இனங்களைப் பெயரிட்டு, அவற்றை வளர்க்க உரிமம் தரலாகாது என்று மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டோரைக் கலந்து பேசாமல் பிறப்பிக்கப்பட்டது என்பதால் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அச்சுற்றறிக்கையை ரத்துச் செய்தது.

இனத்தைத் தடை செய்யும் முறையைப் பிரிட்டன் 1991ஆம் ஆண்டிலேயே கைக்கொண்டது. பிட்புல் உட்பட நான்கு இனங்கள் அப்போது தடை செய்யப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ‘எக்ஸ்.எல். புல்லி’ என்ற மற்றொரு வகையையும் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. ஆயினும் அதே சட்டத்தில் நாம் கவனிக்கத்தக்க வேறொரு பகுதியும் உண்டு. எந்த இனமாயினும், அபாயகரமாகக் கட்டுமீறி நடக்கும் நாய்க்கு உடையவரே குற்றவாளி என்பது அது. முன்பு பொது இடங்களுக்கே உரியதாக இருந்த இவ்விதி, 2014 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உடையவரின் சொந்த வீட்டுக்குள் நேரும் கடிக்கும் விரிவாக்கப்பட்டது. நமது கிராமங்களுக்கு இந்த இரண்டாவது வழியே பொருந்தும் என்பது எமது கருத்து. சங்கரன்கோயில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிட்புல் நாயைத் தேடினால் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். கட்டுப்பாடின்றி விடப்பட்ட நாட்டு நாய்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

நம் நாட்டுச் சட்டமும் உடையவரை விட்டுவிடவில்லை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 289ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவாக உள்ளது. தம் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். “நாய்க்கென்ன தெரியும்?” என்ற சமாதானம் நீதிமன்றத்தில் எடுபடாது.

கடித்துவிட்டால்

நாய்க்கடியைப் பற்றிய அச்சம் தென்னாட்டில் ஒரு நிலையத்தையே தோற்றுவித்தது. பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6ஆம் நாள் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பு மருந்து செலுத்தினார். நம் நாட்டில் முதல் பாஸ்டர் நிலையம் 1900இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் ஏற்பட்டது. சென்னை மாகாணத்தில் கடிபட்டவர் அவ்வளவு தூரம் இரயிலேற வேண்டியிருந்தது. பின்னர் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நம் பாட்டன் காலத்தவர் தொப்புளைச் சுற்றிப் போட்டுக்கொண்ட 14 ஊசிகளும், ஆட்டு மூளையில் தயாரித்த அந்தப் பழைய மருந்தும் இப்போது இல்லை. இன்றைய மருந்து கையில் நான்கைந்து தவணையாகச் செலுத்தப்படுகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் அது இலவசம்.

ஆயினும் நோய் தோன்றியபின் மருந்தில்லை என்ற நிலை இன்றும் மாறவில்லை. எனவே முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கடிவாயை 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவுக. 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், எண்ணெய் ஆகியவற்றை அப்புவது தவறு. சங்கரன்கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டு வேண்டிக்கொள்வதை எவரும் குறை சொல்ல மாட்டார். கடிவாயில் மட்டும் அதையும் இடலாகாது. பிறகு அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரத்தம் கசிந்த காயமாயின் ஊசியுடன் ‘இம்யூனோகுளோபுலின்’ என்னும் எதிர்ப்புப் பொருளையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவர். தலை, முகம், கை ஆகிய இடங்களில் பட்ட கடி மிகவும் அபாயமானது.

“எங்கள் வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே” என்று வாளாவிருப்பது பிழை. மருத்துவர் சொல்லும் வரை தவணை எதனையும் நிறுத்தக்கூடாது. கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொல்வதும் பிழையே. அதைத் தனியே கட்டிப் பத்து நாள் கவனிக்க வேண்டும். கடித்த சமயத்தில் அதன் உமிழ்நீரில் வெறிநோய்க் கிருமி இருந்திருக்குமாயின், பத்து நாளுக்குள் நாய் நோய்ப்பட்டு இறந்துவிடும். கொன்றுவிட்டால் இந்தச் சாட்சியம் நம் கையைவிட்டுப் போய்விடுகிறது.

பெண் குட்டிகளின் கதி

வீட்டுப் பெட்டை நாய் இரண்டு மாதச் சினையில் நான்கைந்து குட்டிகள் ஈனுகிறது. ஆண் குட்டிகளுக்கு வீடு கிடைக்கிறது. பெண் குட்டிகளைச் சாக்கில் கட்டி அடுத்த ஊர்க் கண்மாய்க் கரையிலோ, பேருந்து நிறுத்தத்திலோ, கோயில் வாசலிலோ விட்டுவிடுகின்றனர். ஓராண்டுக்குள் அவையும் ஈனுகின்றன. தெருநாய் பெருகிவிட்டது என்று கிராம சபையில் முறையிடுவோரில் சிலர் அப்பெருக்கத்துக்கு வித்திட்டவராகவே இருப்பர்.

இதன் விளைவு உழவரின் பட்டியில் வந்து விடிகிறது. பகலில் வீட்டில் சோறு தின்று, இரவில் தெருநாய்களுடன் கூடித் திரியும் நாய், கூட்டத்தில் சேர்ந்ததும் வேட்டைக் குணம் கொள்கிறது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதால், விவசாயிகள் இறந்த ஆடுகளோடு வந்து நஷ்டஈடு கேட்டுப் போராடினர். வெளியே தெரியாத மற்றொரு நஷ்டமும் இருக்கிறது. நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை மேய்ச்சல் நிலத்தில் விழுந்து, ஆட்டின் வயிற்றுக்குச் சென்று, மூளையில் நீர்க்கட்டியாக வளர்கிறது. ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி விழுந்து சாகும். இறந்த ஆட்டின் தலையை நாய்க்குப் போட்டால் இச்சுழற்சி மீண்டும் தொடங்குகிறது. கிடைக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தம் நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுத்து, ஆட்டுத்தலையை ஆழப் புதைத்துவிட்டால் நோய் அற்றுப்போகும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

தெருநாயைத் தன் விருப்பப்படி கொல்லவோ, பிடித்து வேறிடத்தில் விடவோ பஞ்சாயத்துக்கு அதிகாரம் இல்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுவது பொது விதி. வெறிபிடித்த நாய்களையும் மூர்க்கமான நாய்களையும் அவ்வாறு திருப்பி விடலாகாது என உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் கூறியிருக்கிறது. இதற்குப் பணமும் வைத்தியரும் தேவை. வீட்டு நாயின் விஷயத்திலோ பஞ்சாயத்து இன்றே வேலையைத் தொடங்கலாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். தெரு வாரியாக, உடையவர் பெயர், நாயின் நிறம், ஆணா பெண்ணா, கடைசியாக ஊசி போட்ட தேதி, கருத்தடை ஆயிற்றா, யாரையேனும் கடித்துள்ளதா என்ற ஆறு கட்டங்கள் இட்டு, வார்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டை எழுதி முடிக்கலாம். “எனக்குச் சொந்தமில்லை, சும்மா சோறு போடுகிறேன்” என்பவர் பெயரையும் எழுதுக. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு 70க்கு ஆண்டுதோறும் ஊசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நூறு நாய் உள்ள ஊரில் எழுபது என்பது எட்டாத கனி அன்று. இந்தியா 2030க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிக்கத் திட்டமிட்டிருப்பதும் இதை நம்பியே.

செப்டம்பர் 28 உலக வெறிநோய்த் தடுப்பு நாள். அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே அருகிலுள்ள கால்நடை உதவி மருத்துவரிடம் எழுத்து மூலம் கேட்டு, அவ்வாரத்தில் ஊரில் முகாம் வைக்கலாம். நான்கே நாளில், அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடும். எத்தனை நாய், எத்தனைக்கு ஊசி, எந்தெந்த வீடு வரவில்லை என்று அச்சபையில் படித்துக் காட்டுக. அபராதத்தைவிட இந்த வாசிப்புக்கு நம் ஊர்களில் பலன் அதிகம்.

முகாமுக்கு வருவோர்க்குச் சில குறிப்புகள். மூன்று மாதம் நிறைந்த குட்டிக்கு முதல் ஊசி போடலாம்; பிறகு மருத்துவர் குறிக்கும் தேதியிலும், அதன்பின் ஆண்டுதோறும் போட வேண்டும். நாயைக் கழுத்துப்பட்டையும் கயிறும் இட்டு, அதற்குப் பழகிய பெரியவர் ஒருவரே கொண்டு வருக. பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பலாகாது. கடிக்கும் பழக்கமுள்ள நாய்க்கு வாய்ப்பூட்டு இடுக. வாய்ப்பூட்டு இல்லையேல், மெல்லிய துணிப்பட்டையை மூக்கின் மேல் இருமுறை சுற்றிக் காதுக்குப் பின்னால் முடிந்தால் ஊசி போடும் நேரத்துக்குப் போதுமானது. வெயிலில் நெடுநேரம் அப்படியே விட்டால் நாய்க்கு மூச்சு முட்டும். வெயிலேறுமுன், காலை ஏழு மணிக்கே முகாமைத் தொடங்குவது நல்லது.